முயல்களுக்கும் பொது இடம் வேண்டும்

பத்திரிகைத்துறையில் பல தசாப்தங்களைக் கழித்த ஒருவன் முயல்களைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். எனது வீட்டில் நேர்ந்த தவறு மற்ற வீடுகளிலும் நேர்ந்துவிடக்கூடாது என்ற எண்ணமே இதை எழுதத் தூண்டியது.

எனது பேத்தியிடம் ஒரு வயதான பெண் முயல் ஒன்று இருந்தது. தனியே இருக்கும் அதற்குத் துணை வேண்டுமென அவள் கேட்டதால், ஏழு மாதமான இன்னொரு பெண் முயலைக் கடையொன்றில் வாங்கினோம். “இரண்டும் பெட்டை தானே, ஒரே கூட்டில் விடுங்கள், பழகிவிடும்” என்றார் விற்றவர். நானும் நம்பினேன். கால் மணி நேரம் கடப்பதற்குள் கூட்டினுள் மயிர் பறந்தது. புதிதாக வந்ததன் காது கிழிந்தது. அன்றிரவு முழுவதும் அது எதையும் உண்ணவில்லை. முயலின் குடல் இடையறாது இயங்கவேண்டியது, அரை நாள் உண்ணாதிருந்தாலே உயிராபத்து நேரலாம் என்று மிருக வைத்தியர் கூறியபோதுதான் எனது அறியாமையின் விலை புரிந்தது. நல்லவேளையாக அது பிழைத்தது.

முயல் சாதுவான பிராணி, அதிலும் பெண் முயல் பரம சாது என்பது எமது கற்பிதம். வீட்டு முயல்கள் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அவை நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்பவை என்பது உண்மையே. ஆனால், குட்டி ஈனுவதற்கான வளைக்காகப் பெட்டைகள் தமக்குள் கடுமையாக மோதிக்கொள்ளும். நான்கு முதல் ஆறு மாதங்களில் பருவமடைந்த பின்னர் இக்குணம் மேலோங்குகிறது. வீட்டுக் கூடும் அதற்கு வளையே. காட்டில் தோற்றது ஓடித் தப்பலாம். கூட்டில் ஓடுவதற்கு இடமேது?

வைத்தியரின் முதல் ஆலோசனை, இரண்டுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்பதாகும். வயது முதிர்ந்த பெண் முயல்களிடையே கருப்பைப் புற்றுநோய் பரவலாகக் காணப்படுவதால் அதற்கும் இதுவே தடுப்பு. சிகிச்சையின் பின்னர் ஹோர்மோன்கள் தணியச் சில வாரங்கள் செல்லும். அதுவரை இரு கூடுகளையும், கம்பிகளுக்கூடாகக் கடிக்க இயலாதவாறு சிறிது இடைவெளி விட்டு, அருகருகே வைத்தோம். ஒன்றின் மலப்பெட்டியையும் விரிப்பையும் மற்றதன் கூட்டுக்கு மாற்றினோம். முயல் வாசனையாலேயே அறிமுகமாகிறது.

முரண்பட்ட தரப்புகள் பேசுவதற்கு மூன்றாவது இடமொன்றைத் தேடுவது நாம் அறிந்ததே. 1985 இல் திம்புவும் 2002 இல் தாய்லாந்தும் அவ்வாறுதான் தெரிவாகின. முயல்களுக்கு எமது வீட்டில் அந்த இடம், அவை இரண்டுமே அதுவரை கால்வைக்காத குளியலறை. வழுக்காதிருக்கத் துவாய் விரித்து, இரு இடங்களில் கீரை வைத்து, வெயில் ஏறுமுன் நாளொன்றுக்குப் பத்து நிமிடங்கள் மட்டும் சந்திக்கவிட்டோம். கைகளில் தடித்த கையுறை இருந்தது; சண்டையில் வெறுங்கையை நீட்டுவது புத்தியல்ல.

ஒன்றன்மீது ஒன்று ஏறுவது மேலாண்மையை நிலைநாட்டும் செயல். சிறிது நேரம் பொறுக்கலாம். ஆனால், தலைப்பக்கமாக ஏறினால் உடனே விலக்கவேண்டும், கீழேயுள்ளது கடித்துவிடும். காதுகளைப் பின்னே மடித்து, வாலை உயர்த்தி, வட்டமிட்டு ஓடத் தொடங்கினால் சந்திப்பை அத்துடன் முடிக்கவேண்டும். அருகருகே உண்பதும், தலையை நக்கிவிடுவதும், உடலோடு உடல் சாய்ந்து படுப்பதுமே நட்பின் அடையாளங்கள். ஓரிரு நாட்கள் முழுமையாகச் சண்டையின்றி இருந்த பின்னரே, வாசனை போகக் கழுவிய ஒரே கூட்டில் விடலாம். இணைந்த பின்னர் ஒன்றை வைத்தியரிடம் கொண்டுசென்றால் மற்றதையும் உடன் கொண்டுசெல்வது நன்று. வேற்று வாசனையோடு திரும்புவதை மற்றது அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும்.

கருத்தடை செய்யப்பட்ட ஆணும் பெண்ணும் இணைவதே எளிது என்று பிரித்தானிய விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. கூறுகிறது. இரு பெட்டைகள் இணையவே மாட்டா என்பது அதன் பொருளல்ல. கூடுதல் பொறுமை வேண்டும் என்பதே. விற்பவர்கள் இதனைச் சொல்லவேண்டும், வாங்குபவர்கள் கேட்கவேண்டும். இரண்டு கூடுகளுக்கு இடமும், சில வார காலப் பொறுமையும் இல்லாதவர்கள் இரண்டாவது முயலை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். எவ்வளவு முயன்றும் இணங்காவிட்டால் அருகருகே வெவ்வேறு கூடுகளில் வாழவிடுவதில் எந்தத் தோல்வியும் இல்லை.

எமது வீட்டில் நான்கு மாதங்கள் சென்றன. இன்று இரண்டும் ஒரே தட்டில் வல்லாரை உண்கின்றன. ஆயினும், அந்தக் கிழிந்த காது மீண்டும் ஒட்டவில்லை. அதைக் காணும்போதெல்லாம், அந்தக் காயத்தை உண்டாக்கியது மற்ற முயலல்ல, எனது அவசரமே என்று எண்ணிக்கொள்கிறேன்.