கறிவேப்பிலையா, முல்லையா?

இங்கிலாந்தில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். இருக்கும் கொஞ்ச இடத்தில் ஹேசல்நட் புதர் வைப்பதா, கொடி ரோஜா ஏற்றுவதா? ஒன்று தின்னக் கொட்டை தரும். இன்னொன்று வாசலை அலங்கரிக்கும். சிங்கப்பூரில் நமக்கு இரண்டுமே எட்டாது. ஹேசல்நட், குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூத்துக் காய்க்கும். இங்கே நள்ளிரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தேக்காவில் ஹேசல்நட்டைப் பார்க்க வேண்டுமானால் முஸ்தபா கடையில் சாக்லேட் அடுக்கியிருக்கும் பக்கம்தான் போக வேண்டும். ரோஜா அவ்வளவு அடம்பிடிக்காது. ஆனாலும் நம் ஈரக்காற்றில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டும். கரையோரப் பூந்தோட்டங்களில் ரோஜாக் கண்காட்சியைக் குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள் வைப்பது சும்மா அல்ல.

ஆனால் கேள்வி நம்முடையதும்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசலில் ஒரு தொட்டிக்கு இடம் இருக்கிறது. சமையலுக்கு ஆகும் செடியை வைப்பதா, பூவுக்கு ஆகும் கொடியை வைப்பதா? கறிவேப்பிலையா, முல்லையா? நம் தோட்டப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இங்கேதான்.

கம்பத்து வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்ற காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1960இல் வீவக அமைக்கப்பட்டு, குடும்பங்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிக்கு ஏறியபோது முருங்கை கீழேயே நின்றுவிட்டது. கறிவேப்பிலை மட்டும் தொட்டிக்குள் ஒடுங்கிக்கொண்டு மின்தூக்கியில் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கும் எந்தப் பேட்டைக்குப் போனாலும், எந்த மாடியில் தமிழர் வீடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வாசல் கோலம் வரை போக வேண்டியதில்லை.

இந்தச் செடிக்கு இரண்டு காரியம் செய்தால் போதும். இலையை உருவி எடுக்காதீர்கள். நுனியோடு கொத்தாகக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளை வெடிக்கும், செடி அடர்ந்து புதராகும். உருவிக்கொண்டே போனால் ஒற்றைக் குச்சியாக மேலே ஓடி, மேல்மாடிக்காரர்தான் பறிக்கும்படி ஆகிவிடும். இரண்டாவது, தண்ணீரைக் குறையுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் தொட்டி மண் காயவே காயாது. அந்த நேரத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். புளித்த மோர் ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். கொல்லைக்கு அது சரி. பொது நடைவழியில் ஊற்றினால் வாடைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து முறையீடு வரும், எறும்பு அதற்கு முன்பே வந்துவிடும்.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பது பலருக்குத் தெரியாது. சீனப் புத்தாண்டுக்கு வாங்கி வாசலில் வைத்த சின்ன எலுமிச்சைத் தொட்டி அண்டை வீட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் விருந்தாளி ஒருவரே. கருப்பும் வெள்ளையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து இரண்டிலும் முட்டையிட்டுப் போகும். குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துகொள்ளும். நன்றாகத் தழைத்த செடி என்றால் நாலைந்து கொத்து போனாலும் தாங்கும். பேரப்பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் அந்தப் புழுவை அப்படியே விட்டுவைக்கலாம். பள்ளிப் பாடத்தில் படிப்பதை வாசலிலேயே பார்ப்பார்கள்.

இனி முல்லை. பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். நம்மிடம் இருப்பது சன்னல் கம்பி. கம்பி போதும், கொடி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முல்லை வெயிலுக்குப் பூக்கும் கொடி. நிழலில் வைத்தால் பச்சைப் பசேலென்று படர்ந்து ஆசை காட்டும், பூ மட்டும் வராது. தமிழ்நாட்டில் மல்லிகைத் தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, தண்ணீரையும் குறைத்து, கோடையில் ஒரே அடியாகப் பூக்க வைப்பார்கள். அங்கே பருவம் ஒத்துழைக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் வெக்கை, ஆண்டு முழுவதும் மழை. வெட்டிவிட்ட பிறகு நாலு பூ, வெயில் காய்ந்த வாரத்தில் பத்துப் பூ என்று உதிரியாகத்தான் கிடைக்கும். சாமி படத்துக்கு ஒரு கைப்பிடி தேறினால் பெரிது. தலைக்கு ஒரு முழம் வேண்டுமென்றால் கேம்பல் லேன் பூக்கடைகள் இருக்கவே இருக்கின்றன. குண்டுமல்லி இந்த வழக்கில் நடுவில் நிற்கும் ஆள்: பாதி புதர், பாதி கொடி. வெயில் விஷயத்தில் அதுவும் முல்லையின் கட்சிதான்.

ஆக, செடியா கொடியா என்பதை முடிவு செய்வது உங்கள் ஆசையைவிட உங்கள் வாசல் பார்க்கும் திசை. நம் தீவில் சூரியன் பாதி ஆண்டு வடக்கே சாய்ந்தும் பாதி ஆண்டு தெற்கே சாய்ந்தும் போகிறது. வடக்கு பார்த்த வாசலுக்கு ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வெயில் எட்டிப்பார்க்கும். தெற்கு பார்த்த வாசலுக்கு அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. மீதி மாதங்களில் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. கிழக்கும் மேற்கும் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்; எதிர் புளோக் மறைக்காவிட்டால் ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் உண்டு. தொட்டி வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் வாசலில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பாருங்கள். நாலு மணி நேரத்துக்குக் குறைவென்றால் முல்லையை மறந்துவிடலாம்.

வெயிலே இல்லாத வாசலா? வெற்றிலைக் கொடி வையுங்கள். ஊர்க் கொடிக்காலில் அகத்தியை வளர்த்து அதன் நிழலில்தான் வெற்றிலையை ஏற்றுவார்கள். இங்கே அகத்தியின் வேலையை எதிர் புளோக் இலவசமாகச் செய்கிறது. கணுவோடு ஒரு துண்டு கிடைத்தால் போதும். நம் ஈரக்காற்று அதற்கு மிகவும் பிடிக்கும். வெயில் இருக்கிறது, பொறுமைதான் இல்லை என்பவர்களுக்குச் சங்குப்பூ. விதை போட்டு இரண்டு மூன்று மாதத்துக்குள் நீலப் பூ; பெரனாக்கன் வீடுகளில் பலகாரத்துக்கு நிறமேற்றுவது அதில்தான்.

சட்ட திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தீ விபத்தில் ஓடுவதற்கும் தூக்குப்படுக்கை கொண்டு போவதற்கும் அதுதான் வழி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும். வாசலில் இடமே இல்லாதவர்கள் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று ஆண்டு வரை உங்களுடையது.

என் தீர்ப்பு கறிவேப்பிலைக்குத்தான். பூவைக் கடையில் முழம் போட்டு வாங்கினாலும் மணம் குறைவதில்லை. கறிவேப்பிலையை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாளிலேயே வாசம் இறங்கிவிடுகிறது. செடியில் கிள்ளி நேராக எண்ணெயில் போடுவதற்கு அது ஈடாகாது. இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புளோக்குக்குச் சாயம் பூச வருவார்கள். நடைவழியைக் காலி செய்யச் சொல்லி நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும். கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம். கம்பியெல்லாம் சுற்றிப் படர்ந்த முல்லையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இடமும் வெயிலும் இரண்டாவது தொட்டிக்கும் மிச்சம் இருந்தால் முல்லையைத் தாராளமாக ஏற்றுங்கள்.

உங்கள் வாசலில் எது தழைத்தது, எது கைவிட்டது, வாசல் எந்தத் திசை பார்க்கிறது என்று எழுதுங்கள். முடிந்தால் படமும் அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். 2020இல் மட்டும் இந்தத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. கொசு முட்டையிலிருந்து கிளம்பிப் பறக்க ஒரு வாரம் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்