கொடிக் கணக்கும் ஆஃப்சைடு உத்தியும்

ஆஃப்சைடு உத்தியில் சிறந்த அணி எது என்னும் கேள்விக்கு, எதிரணி எத்தனை முறை ஆஃப்சைடில் சிக்கியது என்று எண்ணி விடை கூறும் வழக்கம் விளையாட்டு ஆய்வுகளில் வேரூன்றியுள்ளது. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அது உத்தியை அளப்பதில்லை.

கால்பந்தின் 11ஆம் விதிப்படி ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டுமே குற்றமன்று. சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில் அவ்விடத்தில் இருந்தவர் பின்னர் ஆட்டத்தில் ஈடுபட்டால்தான் துணை நடுவரின் கொடி உயரும். கொடிக்கு அஞ்சி ஓட்டத்தைத் தாமதித்த முன்கள வீரரும், அதனால் அனுப்பப்படாத பந்தும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. உத்தியின் வெற்றியில் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. மாணவர் எழுதியதைப் படிக்காமல், ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்த பிழைகளை மட்டும் கொண்டு இலக்கணம் வகுப்பவரை எந்த மொழியியலாளரும் ஏற்கமாட்டார்.

2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா தன் தடுப்பு வரிசையை மிக மேலே நிறுத்தி அர்ஜென்டினாவை 2-1 என வென்றது. முற்பாதியில் அர்ஜென்டினா 7 முறை சிக்கியது. 3 கோல்கள் செல்லாதவையாயின. பிற்பாதியிலோ 3 முறைதான். வரிசை பின்வாங்கியதா? முன்கள வீரர்கள் எச்சரிக்கையாயினரா? கொடிக் கணக்கால் இதற்கு விடை கூற இயலாது. வீரர்களின் இருப்பிடத்தைத் தொடர்ந்து பதியும் தடமறி தரவே வரிசை நின்ற இடத்தையும், மேலேறிய வேகத்தையும், பந்து உதைக்கப்பட்ட கணத்தின் இடைவெளியையும் காட்டும். அதே போட்டித்தொடரில் ஆஃப்சைடு தீர்ப்புக்காக 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள் வரை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன.

இத்தரவு இந்திய ஆய்வாளருக்கு எட்டாது என்பது வழக்கமான மறுமொழி. அது பாதி உண்மையே. மெட்ரிக்கா ஸ்போர்ட்ஸ், ஸ்கில்கார்னர் ஆகிய நிறுவனங்கள் சில ஆட்டங்களின் தடமறி தரவைக் கட்டணமின்றிப் பொதுவில் வைத்துள்ளன. முறையியலைப் பயில அவை போதும். இந்திய ஆட்டங்களுக்கு வழி என்ன? முன்மாதிரி மைசூரிலேயே உண்டு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கும் மொழியியல் தரவுத் தொகுப்பகம் பேச்சையும் எழுத்தையும் திரட்டி ஆய்வாளர்களுக்கு வழங்குகிறது. ஐ.எஸ்.எல். ஆட்டங்களுக்கும் அத்தகைய களஞ்சியம் வேண்டுமென அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பைப் பல்கலைக்கழகங்கள் வலியுறுத்த வேண்டும்.

அதுவரை கொடிகளை எண்ணியவர், கொடிகளை எண்ணியதாகவே எழுதட்டும். அதற்கு ‘உத்திப் பகுப்பாய்வு’ என்று தலைப்பிட வேண்டா.