கண்ணாடிக்கு மட்டும் கதவடைப்பா?

"இந்த அட்டை எந்தக் கண்ணாடிக் கடையிலே செல்லும்?"

புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் தொழிலாளத் தோழர்களிடையே அடிபடும் கேள்வி இது. ஒருவர் கையிலே இ.எஸ்.ஐ. அட்டை. மற்றொருவர் கையிலே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. எழுத்து கலங்குகிறது, ஊசியின் காது தெரியவில்லை, அளவுகோலின் ஒரு கோடு இரண்டாகத் தோன்றுகிறது. கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்கு எண் எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்ட் நெடுஞ்சாலைக் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அட்டையை நீட்டினால், "இது ஆபரேஷனுக்குத்தான் அண்ணே, கண்ணாடிக்கு இல்லை" என்று திருப்பித் தருகிறார். அவர்மீது குற்றமில்லை. அவருக்குக் காசு தருவார் யார்?

எந்தக் கடையிலும் செல்லாது என்பதுதான் நேர்மையான விடை. ஏன் செல்லாது என்று கேட்பது நம் வேலை.

இ.எஸ்.ஐ.யை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எவரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையன்று. 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரில் பண்டித நேருவால் தொடங்கி வைக்கப்பட்டு, 1955-ல் கோவை வழியாக நம் மாநிலத்துக்குள் நுழைந்த திட்டம். 2019 ஜூலையில் வந்த விகிதப்படி தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 0.75 விழுக்காடு, முதலாளி செலுத்துவது 3.25 விழுக்காடு. மாதம் 20,000 ரூபாய் வாங்கும் தோழர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அவர் பங்கு 150 ரூபாய், முதலாளி பங்கு 650 ரூபாய், சேர்ந்து 800. ஆண்டுக்கு 9,600 ரூபாய்! முதலாளி பங்கென்று சொல்லப்படுவதும் யாருடைய வியர்வையிலே விளைந்தது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அந்த இ.எஸ்.ஐ. நிறுவனம் நெடுங்காலமாக அச்சிட்டு வந்த உதவிக் கருவிகளின் பட்டியலிலே மூக்குக் கண்ணாடியும் உண்டு. மறைக்கவில்லை. செயற்கைக் கால் உண்டு, காது கேட்கும் கருவி உண்டு, பல் செட்டும் உண்டு. கண்ணாடி என்று வந்ததும்தான் எழுதியவரின் பேனா நடுங்கியிருக்கிறது! காப்பீடு செய்த தொழிலாளிக்கு மட்டுமே தரப்படும், மனைவி மக்களுக்கு இல்லை. சட்டத்தின் விலை 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஐந்தாண்டுக்கு முன் சட்டத்தை மாற்றக் கூடாது. கண்ணாடிச் சட்டம் ஒன்றுக்கு இத்தனை சட்டம்! பட்டறையிலே கடைசல் எந்திரத்தை ஓட்டும் கணவனுக்குக் கண்ணாடி உண்டாம். வீட்டிலே விளக்கடியில் ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் மனைவிக்கு இல்லையாம். நூலைக் கோக்கும் கண் கண்ணில்லையா?

அடுத்தது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகப் பிறந்து, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வளர்ந்தது. இதய அறுவைக்கு வீட்டை விற்க வேண்டிய கொடுமையிலிருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் காத்த திட்டம் அது. அதைப் பழிப்பவர் நாமல்லர். ஆனால், பெயர்ப் பலகை எத்தனை முறை மாறினாலும் உள்ளே இருக்கும் முறை ஒன்றுதான். படுக்கையில் படுத்தால் பணம் உண்டு. நடந்து வந்து நடந்து போகிறவனுக்கு இல்லை. கண் சோதனைக்கு யார் படுக்கிறார்கள்?

காப்பீடு நடத்துகிறவர் ஒரு நியாயம் சொல்லக்கூடும். அதையும் கேட்டுவிடுவோம். காப்பீடு என்பது எப்போதோ சிலருக்கு வரும் பெருஞ்செலவைப் பலர் தலையிலும் பகிர்வது. கண்ணாடியோ நாற்பது கடந்த அத்தனை பேருக்கும் வரும் சிறு செலவு. எல்லோரும் கேட்பதற்குக் காப்பீடு எதற்கு என்பார்கள். காப்பீட்டு இலக்கணப்படி சரிதான்! அந்த இலக்கணம் கண்ணாடிக்கு இடங்கொடாது என்றால், கடை கடையாக ஏறி அட்டையை நீட்டுவதைக் காட்டிலும், தொழிலாளி சீட்டெழுதி மருந்து வாங்கும் இடத்திலேயே கண்ணாடியும் கிடைக்கச் செய்வதுதான் வழி என்று ஆகிறது. நம் வழக்கும் அதுதான்.

நாற்பதுக்குமேல் வருகிற இந்தக் குறைக்கு நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று பெயர் வைத்தார்கள். சாளேசரம் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை இளமையிலே வளைந்து கொடுக்கும்; வயதேற ஏற இறுகும்; கிட்டத்துப் பொருளிலே பார்வை குவியாது. இது நோயன்று. மருந்தால் தீராது. சத்துணவு உண்டாலும் தப்பாது. ஆலை முதலாளிக்கும் வரும், ஆலைத் தொழிலாளிக்கும் வரும். ஆனால் முதலாளிக்கு வந்தால் பத்திரிகை படிக்கச் சிரமம். தொழிலாளிக்கு வந்தால் வயிற்றிலே அடி!

பின்னி ஆலை 1996-ல் மூடப்படும் வரை இந்த வட்டாரத்தின் ஆயிரக்கணக்கான கண்கள் அறுந்த இழையைத் தேடியே தேய்ந்தன. 1921-ல் மாதக்கணக்கிலே பட்டினி கிடந்து போராடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு வேறு வேலையிலே இருக்கிறார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எந்திரப் பாகத்தின் அளவு பார்க்கிறார்கள். ராயபுரத்திலே சரக்குப் பெட்டியின் எண்ணைப் படிக்கிறார்கள். காசிமேட்டிலே கிழிந்த வலையின் கண்ணை எண்ணி முடிச்சுப் போடுகிறார்கள். வலைக்கும் கண் என்றுதான் பெயர். அதைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். மீனவத் தோழருக்கு இ.எஸ்.ஐ.யும் கிடையாது என்பது தனி வேதனை.

கண்ணாடி போட்டால் கூலி கூடுமா? கூடும் என்று நிறுவிக் காட்டியிருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்திலே நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு உடனே கண்ணாடி தந்தார்கள். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்தபின் தந்தார்கள். முன்னே பெற்றவர்களின் பறிக்கும் திறன், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு மேலோங்கியது. 2018-ல் 'லான்செட்' குழும மருத்துவ ஏட்டிலே வந்த முடிவு இது. வங்காள தேசத்துக் கிராமங்களிலே இதே போன்றதொரு ஆய்வு, 2024-ல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்ற எட்டு மாதத்திலே அவர்களுடைய வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பணியாளர் திறன் குறைகிறது, ஆள் குறைப்புச் செய்கிறோம் என்று அறிக்கை ஒட்டுகிற நிர்வாகங்கள், நாற்பதைத் தாண்டியவரின் கையைக் குறை சொல்லுமுன் கண்ணைச் சோதித்தனவா?

"அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, பெருமையோடு சொல்வோம். எழும்பூர்க் கண் மருத்துவமனையின் வரலாறு 1819-லிருந்து தொடங்குகிறது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்குப் பதினான்கே ஆண்டு இளையது. கண்ணின் நீர் அழுத்த நோய்க்கு எலியட் என்ற வெள்ளைக்கார மருத்துவர் உலகறிந்த அறுவை முறையொன்றை வகுத்தது இங்கே பணியாற்றிய காலத்திலேதான். ஸ்டான்லியிலும் கண் பிரிவு உண்டு. சோதனைக்குக் காசில்லை, உண்மை. ஆனால் காலையிலே போய் வரிசையிலே நின்று, சீட்டு வாங்கி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தால் அன்றைய வேலை போயிற்று. நாட்கூலிக்காரனுக்கு இலவசச் சோதனையின் விலை ஒரு நாள் கூலி! மறுபடியும் வரச் சொன்னால் இரண்டு நாள் கூலி. பெரிய மருத்துவமனையும் வேறு பெரிய நோய்களுக்காகக் கட்டியதுதான். வெள்ளெழுத்துக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே போய் நின்றால், பார்வையே போகிற நிலையில் வருகிறவன் வரிசையின் வாலிலே நிற்பான்.

ஆகவே தொழிலாளி என்ன செய்கிறார்? நடைபாதையிலே, ரயில் பெட்டியிலே விற்கும் கண்ணாடியை ஒவ்வொன்றாக மூக்கிலே மாட்டிப் பார்த்து, எது தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கிக்கொள்கிறார். கிட்டப்பார்வைக்கு அது ஓரளவு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரு கண்ணுக்கும் எண் வேறாக இருந்தால்? சர்க்கரை நோய் விழித்திரையை அரித்துக் கொண்டிருந்தால்? நீர் அழுத்தம் ஓசையின்றிப் பார்வையின் ஓரத்தைத் தின்று கொண்டிருந்தால்? நடைபாதை அதைச் சொல்லாது. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்கு முன் கண்ணுக்குள்ளே பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே கதைதான் நடந்தது. கடை மேசையிலே குவிந்து கிடக்கும் மலிவுக் கண்ணாடியைத் தானே பொறுக்கி மாட்டிப் பார்த்த தொழிலாளர்கள் அங்கும் இருந்தார்கள். பதின்மூன்று வயதிலே நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கிய அனூரின் பெவன் சுகாதார மந்திரியானார், 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று, கண்ணாடி இலவசமாயிற்று. மக்கள் அலை அலையாக வந்தார்கள். வீண் ஆசை என்று சிலர் நகைத்தார்கள். அத்தனை காலமும் மங்கலாகவே உலகத்தைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள்! 1951-ல் கொரியப் போரையொட்டி ஆயுதச் செலவு ஏறியபோது, நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் பாதி விலை வாங்க முடிவு செய்தார். பெவன் என்ன செய்தார் தெரியுமா? பதவியைத் தூக்கி எறிந்தார். ஹரால்ட் வில்சனும் உடன் விலகினார். மந்திரி சபையையே உலுக்கியது மூக்குக் கண்ணாடி! அந்த அரசு தொழிலாளர் கட்சியின் அரசு என்பதையும் மறக்க வேண்டாம். நம்மவர் ஆட்சியானாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஸ்காட்லாந்திலே 2006 முதல் தெருமுனைக் கடை ஆப்டோமெட்ரிஸ்டிடமே இலவசமாகக் கண்ணைச் சோதித்துக் கொள்ளலாம். கட்டணத்தை அரசு தருகிறது. புளியந்தோப்புத் தோழர் கேட்கும் கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.

இங்கே ஏன் முடியாது? ஆளில்லையா? இந்தச் சென்னையிலேயே 1985 முதல் ஆப்டோமெட்ரி கல்லூரி நடக்கிறது. ஆப்டோமெட்ரிஸ்ட் வெறும் கடைக்காரர் என்று தள்ளவும் முடியாது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரப் பணியாளர் சட்டம் அவரை அங்கீகரித்திருக்கிறது. பணமில்லையா? பள்ளிப் பிள்ளைகளுக்குக் 'கண்ணொளி காப்போம்' என்று 2009 முதல் இலவசக் கண்ணாடி தருகிறது இதே தமிழகம். பிள்ளைக்குத் தர முடிந்த அரசுக்கு, அந்தப் பிள்ளைக்குச் சோறு போடும் தகப்பனுக்குத் தர முடியாதா? 2025 செப்டம்பரில் பார்வைக் கண்ணாடிமீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாக இறங்கியது நல்லதுதான். ஆனால் வரி குறைந்தது கடையிலே வாங்க முடிந்தவனுக்கு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பற்றிச் சங்கங்களுக்கு உள்ள வழக்கு வேறு. அந்தச் சண்டை தொடரட்டும். ஆனால் நாற்பதைத் தாண்டிய தொழிலாளிக்கு முதலாளி ஆண்டுதோறும் இலவச மருத்துவச் சோதனை செய்விக்க வேண்டும் என்று அதிலே இருக்கிறது. நாற்பது! வெள்ளெழுத்து தொடங்கும் அதே வயது. இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதைச் சோதனை என்று ஏற்காதீர்கள். தூரத்து எழுத்து, கிட்டத்து எழுத்து, கண்ணின் உட்பகுதி ஆகிய மூன்றையும் பார்த்தால்தான் கண் சோதனை என்று ஆலைவாசலிலே சங்கம் சொல்ல வேண்டும்.

அதுவரை வீணாக நிற்க வேண்டாம். இ.எஸ்.ஐ. உள்ள தோழர் தம் பெயர் பதிந்த மருந்தகத்திலே சீட்டு வாங்கி அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போகலாம். எண் எழுதிய தாளைப் பத்திரப்படுத்தி, கண்ணாடி கேட்டு எழுத்திலே மனுக் கொடுங்கள். இல்லை என்றால் அதையும் எழுத்திலே வாங்குங்கள். வேலையிலே இரும்புத் துகள் பறந்து கண்ணிலே பட்டால், மேஸ்திரி சொல்கிறார் என்று வீட்டுக்குப் போய்விடாமல் அன்றைக்கே விபத்தாகப் பதியச் செய்யுங்கள். பதியாத காயத்துக்குப் பின்னால் நிவாரணம் கேட்பது கடினம். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு ஸ்டான்லியும் எழும்பூரும் இருக்கின்றன. அங்கே சோதனைக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் தேவையில்லை.

கிளைகள் அனுப்பும் தீர்மானத்திலே நான்கு வரி போதும். சட்டத்துக்கு 100 ரூபாய் என்ற வரம்பையும் ஐந்தாண்டுத் தடையையும் இ.எஸ்.ஐ. நீக்க வேண்டும். மனைவி மக்களுக்கும் கண்ணாடி தர வேண்டும். வடசென்னையின் ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், மாநகராட்சியின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் இரண்டு நாளாவது ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் உட்கார்ந்து, சோதித்த இடத்திலேயே கிட்டப்பார்வைக் கண்ணாடியைத் தர வேண்டும். அந்த இரண்டு நாளும் மாலையாக இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து, கை கழுவிக்கொண்டு வருகிறவனுக்கும் கதவு திறந்திருக்கும்படி.