வாடகைக்குப் போகும் பெயர்: வங்கிக் கணக்கு, பொய் அடையாளம், சட்டத்தின் பிடி

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதுச்சேரி இணையவழிக் குற்றப் பிரிவுக் காவல்துறை ஒரு மோசடி வலைப்பின்னலைக் கண்டறிந்து சிலரைக் கைது செய்தது. ஏறத்தாழ 90 கோடி ரூபாய் கைமாறியதாகச் சொல்லப்பட்ட அந்த வழக்கில் கைதானவர்களில் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இருந்தனர். மாணவர்களின் பெயரிலிருந்த வங்கிக் கணக்குகளே மோசடிப் பணம் பாயும் வாய்க்கால்களாகப் பயன்பட்டன என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

இவ்வகைக் கணக்குகளை வங்கித் துறையினர் ‘மியூல்’ கணக்குகள் என்கின்றனர். நம் வழக்கில் வாடகைக் கணக்குகள். இவை இரண்டு வழிகளில் உருவாகின்றன. ஒன்று, உண்மையான ஒருவர் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் அட்டையையும் சில ஆயிரம் ரூபாய்க்குப் பிறரிடம் ஒப்படைப்பது. மற்றொன்று, பிறருடைய ஆதார் நகலைக் கொண்டோ, புகைப்படத்தை மாற்றியோ, இல்லாத முகவரியைக் காட்டியோ பொய் அடையாளத்தில் கணக்குத் தொடங்குவது. முதலாவதில் பெயர் உண்மை, ஆள் பொய். இரண்டாவதில் பெயரே பொய். இரண்டிலும் காவல்துறையின் கை முதலில் எட்டுவது, ஆவணத்தில் யாருடைய பெயரும் படமும் உள்ளனவோ அவரைத்தான். பணத்தை எடுத்துச் சென்றவர் பெரும்பாலும் எட்டாத தொலைவில் இருப்பார்.

சட்டம் இதனை எவ்வாறு பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தின் மூலம் ஏமாற்றுவதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது மூன்றாண்டாக இருந்தது. நாம் யாராக நடிக்கிறோமோ அவர் உண்மையில் வாழ்பவரா, கற்பனைப் பெயரா என்பது இப்பிரிவுக்குப் பொருட்டே அல்ல. ஏமாற்றும் நோக்குடன் ஆவணத்தைப் போலியாக உருவாக்குவது 336(3)ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை தண்டனைக்குரியது. போலி ஆவணம் எனத் தெரிந்தே அதனை உண்மையெனப் பயன்படுத்துபவரும், அதை உருவாக்கியவருக்கு இணையாகவே 340ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்படுவார். “நான் அச்சடிக்கவில்லை, கொடுத்ததை நீட்டினேன்” என்ற வாதம் இங்கே உதவாது.

பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ தனித்த அடையாளக் கூறு ஒன்றையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவும், கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. கற்பனைப் பெயரில் பணம் போட்டு வைப்பது 2016இல் திருத்தப்பட்ட பினாமி தடைச் சட்டத்துக்குள்ளும் வரும். அங்கே தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை. குற்றத்தின் வழி வந்த பணம் எனத் தெரிந்தே அதற்குக் கணக்கைக் கொடுத்தவர்மீது பணமோசடித் தடுப்புச் சட்டமும் பாயக்கூடும். அங்கே தண்டனை மூன்றாண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு கடுமையான பிரிவுகளுக்கு நடுவே, ஒடுக்கப்பட்ட மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஆவணங்களுக்கிடையே பெயர் மாறுபடுவது குற்றமல்ல. ஏமாற்றும் எண்ணமே குற்றம். பள்ளிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வாக்காளர் அட்டையில் எழுத்துப்பிழை என்று நம் வீடுகளில் ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது இயல்பு. அதனைச் சரிசெய்ய அரசிதழ் அறிவிப்பும் திருமணச் சான்றிதழும் உள்ளன. பெயரை மாற்றிக்கொள்வது புதுச்சேரி மண்ணுக்குப் புதிதுமல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசாணை, தம் மரபுவழிச் சட்டநிலையைத் துறந்து புதிய குடும்பப் பெயர் ஏற்க மக்களுக்கு வழி திறந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் அவ்வழியில் சென்றனர். பதிவேட்டில் வெளிப்படையாக எழுதப்பட்ட அந்தப் புதுப்பெயர் சாதியிலிருந்து வெளியேறும் ஒரு முயற்சியாக இருந்தது. இடைத்தரகரின் அறையில் ஒட்டப்படும் புகைப்படமோ நம்மை வேறொருவரின் குற்றத்துக்குள் தள்ளுகிறது.

ஆவணம் இல்லாததாலேயே பொய் ஆவணத்தை நாடுவோரும் உள்ளனர். அவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அடையாள ஆவணம் எதுவும் இல்லாதவர்கூடத் தம் புகைப்படத்தைக் கொடுத்து, வங்கி அலுவலர் முன்னிலையில் கையொப்பமோ கைநாட்டோ இட்டுச் ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வரவு, மாதத்துக்கு 10,000 ரூபாய் வரை எடுப்பு, எந்நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மிகாத இருப்பு என்பன அதன் வரம்புகள். பன்னிரண்டு மாதங்களுக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் பன்னிரண்டு மாதங்கள் நீட்டிக்கப்படும். நூறு நாள் வேலை அட்டையும் ஏற்கத்தக்க ஆவணமாக ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடம்பெற்றது. கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து புதுச்சேரியில் அறை எடுத்துப் படிக்கும் மாணவர், போலி வாடகை ஒப்பந்தம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆதார் வழி மின்னணுச் சரிபார்ப்பில் தற்போதைய முகவரியைத் தன்னறிவிப்பாகவே தரலாம். இவற்றை வங்கிக் கிளைகள் எடுத்துச் சொல்வது அரிது. அந்த மௌனமே தரகருக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருகிறது.

சிறைக்கு முன்பே வரும் தண்டனை கணக்கு முடக்கம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, எங்கோ ஒரு வடமாநிலக் காவல் நிலையத்தின் கடிதமே புதுச்சேரி மாணவரின் கணக்கை நிறுத்திவிடப் போதும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அந்தக் கணக்கு முடங்கினால் தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்தே முடங்குகின்றன. ஐயாயிரம் ரூபாய்க்குக் கணக்கை வாடகைக்கு விட்டவர் இழப்பது ஒரு பட்டமாக இருக்கலாம். முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்காமல், ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் எடுத்தது. புதுச்சேரியும் அந்நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால், பாதிக்கப்பட்டோர் இதனைச் சுட்டி வாதாட இடமுண்டு.

கணக்கைக் கொடுத்துவிட்டவர் செய்ய வேண்டியவை சில. உடனே வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். 1930 என்ற எண்ணில் புகார் பதியுங்கள். தரகருடனான உரையாடல்களை அழிக்காதீர்கள். உங்கள் ஆவணத்தில் பிறர் கணக்குத் தொடங்கியிருந்தாலும் இதுவே வழி. முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழங்குகிறது. விசாரணைக்கு அழைக்கப்படும் முதல் நாளிலேயே அதனைக் கோருங்கள்.

காவல்துறையிடமும் அரசிடமும் நாம் கேட்க வேண்டியவையும் உள்ளன. வறுமையால் கணக்கைப் பறிகொடுத்த மாணவரையும், அவரைப் போல் பத்துப் பேரைப் பிடித்துக் கொடுத்துத் தரகு பெற்றவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சரிபார்ப்பு விதிகளை மீறிக் கணக்குகளைத் திறந்துவிட்ட வங்கி ஊழியர்களும் விசாரிக்கப்பட வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பப்படும் மாதங்களிலேயே ஒவ்வொரு கல்லூரியிலும் விடுதியிலும் இச்சட்டங்கள் தமிழில் விளக்கப்பட வேண்டும். மாணவர் அமைப்புகள் அரசாணைக்குக் காத்திராமல் இந்தக் கல்வியாண்டிலேயே அப்பணியைத் தொடங்கலாம்.