உடைந்த பொம்மைக்குக் கணக்குக் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

எலவனாசூர்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை நான். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்புதான். வேறு வகுப்பு கொடுத்தாலும் யாரிடமாவது மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நேரில் வந்திருக்கலாம். ஆனால் மனுவுக்கு ஒரு எண் போட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி, அங்கிருந்து சம்பந்தப்பட்ட மையத்துக்கே விசாரணை போய், கடைசியில் ஒரு ஏழைப் பெண் தலையில்தான் அது விடியும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இந்த மடல்.

எந்த மையம் என்று சொல்ல மாட்டேன். மாவட்டத்தில் ஓர் அங்கன்வாடி, அவ்வளவுதான். நாங்கள் பால்வாடி என்றே சொல்லிப் பழகியவர்கள். உறவுக்காரப் பிள்ளையை விடப் போனபோது, சத்துமாவு எடுக்க டீச்சர் பீரோவைத் திறந்தார். மேல் தட்டில் மரக்கட்டைகள், மணி கோக்கும் கயிறு, பட அட்டைகள், விலங்கு பொம்மைகள். எல்லாம் வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. அரசு கொடுத்த முன்பருவக் கல்விப் பொருட்கள்.

"ஏம்மா, இதைப் பிள்ளைங்ககிட்ட குடுக்கலையா?"

"உடைஞ்சா நான்தானே டீச்சர் பதில் சொல்லணும்? இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சு. வந்து பாக்குறவங்க முதல்ல எண்ணித்தான் பாப்பாங்க."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன். எடை, உயரம் பார்ப்பது, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, முட்டைக் கணக்கு, கர்ப்பிணிகளுக்கு இணை உணவு, வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் வீடு வீடாகப் படிவம். நான் இருந்த அரை மணி நேரத்தில் அவர் கைப்பேசி ஆறு முறை அடித்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் தாங்களாகவே புளியங்கொட்டை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன், நாலரை வயது இருக்கும், இருபத்தொன்பது வரை தடுக்காமல் வந்தான். அடுத்து "இருபத்திப்பத்து" என்றான். அதற்கடுத்து "இருபத்திப்பதினொண்ணு." பக்கத்திலிருந்த பெரிய பெண் சிரித்துவிட்டாள். எனக்கோ அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இருபதின்மேல் இன்னொரு பத்து ஏறுகிறது என்பதை அவன் தானே கண்டுபிடித்துவிட்டான். அதற்கு முப்பது என்று நாம் பெயர் வைத்திருப்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியாது. நம் எண்ணுப்பெயர்களும் லேசுப்பட்டவை அல்ல. தொண்ணூறுக்குள் ஒரு நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஓர் ஆயிரம். பிள்ளை குழம்பினால் அது அறிவுள்ள குழப்பம்.

என் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயது. காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளி வேன் வந்து ஏற்றிப் போகும். நோட்டில் நூறு வரை எழுதுவான். ஒரு நாள் "ஏழு புளியங்கொட்டை கொடு கண்ணு" என்று கேட்டேன். கை நிறைய அள்ளி நீட்டினான். எழுதிய கையும் அள்ளிய கையும் ஒன்றுதான். இடையில் எண்ணம் மட்டும் இல்லை. நாலு கோடு நோட்டுக்குள் எழுத்தை அடைக்க அவன் பென்சிலைப் பிடிக்கும் இறுக்கத்தில் விரல் நுனி வெளுத்துப் போகிறது. அவன் அம்மாவுக்கோ அந்த நோட்டுதான் கட்டிய பணத்துக்கு ரசீது.

நம் மையங்களும் அந்த வேனைப் பார்த்துப் பொறாமைப்படத் தொடங்கிவிட்டன என்பதே என் கவலை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் நிறுத்தப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, மறுபடி தொடர்ந்தது. வகுப்புக்கு ஆங்கிலப் பெயர் வந்ததும் பெற்றோர் வந்தார்கள், நல்லது. ஆனால் கூடவே நாலு கோடு நோட்டும் வந்துவிடக் கூடாது.

அங்கன்வாடிகளை நடத்தும் துறை தன் முன்பருவப் பாடத்திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. விளையாடு என்று அரசே சொல்கிறது. விளையாட்டுச் சாமானைப் பூட்டச் சொல்வதும் அரசின் பதிவேடுதான்.

வாசிப்புக்கு வருகிறேன். எங்கள் அப்பா தலைமுறை 'படம்' என்ற சொல்லை "பானா, டானா, இம்மன்னா" என்று கூட்டி வாசித்தது. பானாவும் டானாவும் இம்மன்னாவும் சேர்ந்தால் எப்படிப் படம் ஆகும்? எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ஒலி பழகாத பிள்ளைக்கு 247 எழுத்தும் 247 படங்கள்தான். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சொல்லும்போது எகரம் பின்னால் வருகிறது. இந்தக் குளறுபடியை ஒன்றாம் வகுப்பில் தாங்கிக்கொள்ள, மூன்று வயதிலிருந்தே காது தயாராக வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டாம். "க-வில தொடங்குற பேரு யாரு யாருக்கு?" என்று கேட்டால் போதும். விடுகதை, கதை, பாட்டு, முக்கியமாக நிறைய வெட்டிப்பேச்சு. எழுதத் தொடங்குகிறபோதும் அகர வரிசையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. 'அ'வின் சுழியைவிட 'ட'வின் இரண்டு கோடு சின்ன விரலுக்கு எளிது. அதிலிருந்து ப, ம, படம், மடம் என்று போகலாம்.

கைக்கும் தயாரிப்பு வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் மணலில்தான் விரல் வைத்தார்கள், ஓலை பிறகு வந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையிலும் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைப் பிள்ளை முதலில் தடவிப் பார்க்கும், எழுதுவது அதற்குப் பிறகுதான். இதற்கு அடையாறு வரை போவானேன்! எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. என் பேத்தி அங்கே போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டே நடப்பாள். ஒரு எழுத்தும் தெரியாத வயதில் ஆரம்பித்தது அது.

2022 ஜூனில் அரசுப் பள்ளிகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது நான் பணியில் இருந்தேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தோம். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. நல்ல திட்டம், பதிவேற்றும் வேலையைக் கழித்துவிட்டால். அரும்பில் நின்ற பிள்ளைகளில் பலர் மூன்று வருடம் பால்வாடிக்குப் போனவர்கள். அங்கே சோறு கிடைத்திருக்கிறது, முட்டை கிடைத்திருக்கிறது, மணி கோக்கும் கயிறு கிடைத்ததில்லை.

இனி என் கோரிக்கை. ஒரே ஒரு சுற்றறிக்கை, உங்கள் கையெழுத்தோடு. முன்பருவக் கல்விப் பொருட்கள் உபயோகித்துத் தேய வேண்டியவை. உடைந்தாலும் தொலைந்தாலும் பணியாளரிடம் விளக்கம் கேட்கப்படாது. ஆய்வுக்குப் போகிற குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரும் மேற்பார்வையாளரும் பீரோவில் எத்தனை இருக்கிறது என்று எண்ணாமல், எத்தனை பொருளில் பிள்ளைகளின் பல் தடம் இருக்கிறது என்று பார்க்கட்டும். வருட முடிவில் புதுசாகவே இருக்கும் பெட்டிக்குத்தான் விளக்கம் கேட்க வேண்டும்.

இடம் இருந்தால் அதே தாளில் இன்னொரு வரி: காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எந்த அலுவலகமும் அங்கன்வாடிப் பணியாளரை அழைக்கக் கூடாது. எடையும் படிவமும் மதியத்துக்குள் ஓடிவிடாது.

கல்வராயன் மலைக்கு இது இன்னும் அவசரம். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் அப்பா அம்மா பிழைப்புக்கு வெளியூர் போய்விட, தாத்தா பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளி வயது வந்ததும் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்படும் பிள்ளைகளும் உண்டு. தன் ஊரில், தன் வீட்டுப் பேச்சில், மடியில் உட்கார்ந்து கதை கேட்க அவர்களுக்குக் கிடைப்பது மூன்று வயது முதல் ஐந்து வரைதான். அங்கே ஒரு பாட்டியை வாரம் இருமுறை மையத்துக்கு அழைத்துக் கதை சொல்லச் சொன்னால் அரசுக்கு ஒரு டம்ளர் டீ செலவாகும்.

ஆய்வுக்குப் புறப்படும்போது ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் ஏதாவது ஒரு மையத்தில் வண்டியை நிறுத்துங்கள். பதிவேடு கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை கேளுங்கள். பீரோ சாவி யாரிடம் என்று பிறகு கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு டீச்சர்,
எலவனாசூர்கோட்டை