துபாயில் மலிவாகக் கிடைக்கும் கார், கள்ளக்குறிச்சிக்கு வருமா? பழைய வெளிநாட்டுக் காரை ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்வராயன் மலைப்பாதையில் ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எந்த வண்டி தாக்குப்பிடிக்கும் என்று. கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலை வரை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளும், அதற்கு அப்பால் சிற்றூர்களுக்குப் பிரியும் கரடுமுரடான பாதைகளும் ஜீப், பிக்கப் வண்டிகளின் ராஜ்ஜியம்தான். மலைக்குக் கீழே சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கத்தில் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே பாலைவனத்தில் லேண்ட் க்ரூஸரும் ப்ராடோவும் ஓடுவதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனசில் ஓடுவது இயல்பு. 'இங்க பழசு இவ்வளவு சல்லிசா கிடைக்குதே, கப்பல்ல போட்டு ஊருக்கு அனுப்பிட்டா என்ன?'

அனுப்பலாமா என்றால், சட்டம் அடியோடு தடை செய்யவில்லை. ஆனால் வழியை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கி வைத்திருக்கிறது.

ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

முதல் கேள்வியிலேயே வளைகுடா கார்கள் அடிபட்டுப் போகும். இந்தியாவுக்குள் இறக்குமதியாகும் பழைய காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன் எல்லாமே சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். அங்குள்ள கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம். இது வெறும் காகித விதி என்று நினைக்க வேண்டாம். வெள்ளிமலை ஏற்றத்தில் முன்னால் ஒரு பேருந்து போகிறது, அதை முந்த வேண்டும் என்றால், இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே வருவது தெரியவே தெரியாது.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா கார்கள் இந்த முதல் சோதனையில் தேறிவிடும். அடுத்தது வயது. தயாரிக்கப்பட்ட நாளில் இருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும், ஹெட்லைட் இடப்பக்கச் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறக்குமதிக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளாவது ஓடும் தகுதி உண்டு என்பதற்குச் சான்றும் வேண்டும்.

வண்டி வந்து இறங்கும் இடம் மும்பை துறைமுகம். பழைய வாகனங்களுக்கு அந்த ஒரு வாசல்தான். கள்ளக்குறிச்சிக்காரருக்கு ஏறக்குறைய 250 கி.மீ. தொலைவில் சென்னைத் துறைமுகம் இருந்தாலும் பயன் இல்லை.

ஊர் திரும்புபவர்களுக்குச் சலுகை இல்லையா?

வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்புபவர்களுக்கு, அங்கே வைத்திருந்த காரைக் கொண்டுவர ஒரு தனி வழி உண்டு. 'டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்' என்பார்கள். ஆனால் அந்தக் கார் குறைந்தது ஓர் ஆண்டு அவர் வசம் இருந்திருக்க வேண்டும். கிளம்பும் முன்பு அவசரமாக வாங்கிப் போட்டுக்கொண்டு வர முடியாது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஊர் திரும்பும்போது டி.வி., ஃபிரிட்ஜ் போன்ற வீட்டுப் பொருட்களுக்கு வரிச் சலுகை கிடைக்கிறது அல்லவா, அதுபோல் காருக்கும் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். கிடைக்காது. மோட்டார் வாகனம் 'பேக்கேஜ்' கணக்கிலேயே வராது. வரி முழுசாகக் கட்டியே ஆக வேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் ஆறு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு சம்பளத்தை ஊருக்கு அனுப்புபவர் தன் பேரில் ஒரு கார் வைத்து ஓட்டியிருப்பதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

வரி எவ்வளவு வரும்?

2025 பட்ஜெட்டில் பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 125 சதவீதத்தில் இருந்து 70 சதவீதமாகக் குறைந்தது என்று செய்தி வந்ததும் 'வெளிநாட்டு கார் விலை இறங்கப் போகுது' என்று பேச்சு கிளம்பியது. அதே பட்ஜெட்டில் 67.5 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரி புதிதாகச் சேர்ந்ததைப் பலர் கவனிக்கவில்லை. முன்பு கூடுதல் வரியோடு சேர்த்து 137.5%. இப்போதும் கூட்டிப் பார்த்தால் அதே 137.5%. ஒரு பைசா குறையவில்லை.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18%, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40%. இது காரின் மதிப்புக்கு மட்டும் அல்ல, சுங்க வரியையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கொடுத்த விலையைச் சுங்கத் துறை அப்படியே ஏற்காது. அந்த மாடல் புதிதாக இருந்தபோது என்ன விலையோ, அதில் இருந்து தேய்மானத்தைக் கழித்துத்தான் மதிப்பு போடும். முதல் ஆண்டில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 4%, இரண்டாம் ஆண்டில் 3%, மூன்றாம் ஆண்டில் 2.5%. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 38%தான் கழியும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சின்னசேலத்துக்காரர் ஒருவர், புதிதில் 20 லட்ச ரூபாய் மதிப்புள்ள காரை, மூன்று ஆண்டு முடியப்போகும் நேரத்தில் 9 லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் அது 9 லட்ச ரூபாய் கார். சுங்கத் துறையின் கணக்கில் 12.4 லட்சம். கப்பல் கூலி, காப்பீடு 1.6 லட்சம் என்று வைத்தால் 14 லட்சம். அதன் மேல் 137.5% என்றால் 19.25 லட்சம். இரண்டும் சேர்ந்த 33.25 லட்சத்துக்கு 40% ஜி.எஸ்.டி. 13.3 லட்சம். ஆக வரி மட்டும் 32.55 லட்சம். அவர் கையில் இருந்து போகும் மொத்தப் பணம் 43 லட்சத்தைத் தாண்டும். ஊரில் பதிவு செய்யும்போது கட்ட வேண்டிய ஆயுள் வரி இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு அது 20%. பழைய வண்டிக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அந்தப் பணத்துக்கு மஹிந்திரா தார் இரண்டு வாங்கி மலையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று நிறுத்தலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

2001 ஏப்ரலில், உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி 715 பொருட்களின் மீதான இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இந்தியா விலக்கியது. ஜப்பானிலும் பிற நாடுகளிலும் கழித்துக்கட்டும் கார்கள் இங்கே வந்து குவியும் என்ற பயம் அப்போது எழுந்தது. தடை போட முடியாத இடத்தில் வயது வரம்பு, ஒற்றைத் துறைமுகம், உயர்ந்த வரி என்று வேலி போட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வளர்ந்த கார் தொழிற்சாலைகளுக்கு அந்த வேலி ஒரு பாதுகாப்பு.

வேலி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கை உதாரணம். அங்கே சாலையில் ஓடுவதில் பெரும்பங்கு ஜப்பானில் இருந்து வந்த பழைய கார்கள்தான். வசதி இருந்தது. ஆனால் டாலர் கரையத் தொடங்கியதும் 2020-ல் வாகன இறக்குமதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பிப்ரவரி 1-ல்.

அப்படியானால் 'ஃபாரின் வண்டி' சல்லிசாக விற்கிறார்களே?

கேரளாவில் துபாய் நம்பர் பிளேட்டோடு கார்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் 'கார்னெட்' என்ற ஆவணத்தில் தற்காலிகமாக வருபவை. வரி கிடையாது, ஆனால் குறித்த காலத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும். இங்கே விற்கவும் முடியாது.

சிக்கல் வருவது, இந்திய நம்பர் பிளேட்டோடு பாதி விலைக்கு வரும் வெளிநாட்டு வண்டிகளில்தான். 2025 செப்டம்பர் 23-ல் கொச்சி சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளா முழுக்கச் சோதனை நடத்தி முதல் நாளிலேயே 36 வாகனங்களைக் கைப்பற்றியது. நும்கோர் என்றால் பூட்டானின் ஜோங்கா மொழியில் வாகனம். பூட்டான் ராணுவம் கழித்த லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர் போன்ற வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, இந்திய ராணுவம், தூதரகங்கள் பேரில் போலி ஆவணம் தயாரித்து, வேறு மாநிலங்களில் பதிவு செய்து விற்றதாகச் சுங்கத் துறை சொன்னது. இதில் கோவையை மையமாகக் கொண்ட கும்பலுக்குத் தொடர்பு இருப்பதாகவும் கூறியது. நடிகர்கள் பிருத்விராஜ், துல்கர் சல்மான் வீடுகளிலும் சோதனை நடந்தது.

ஏன் பூட்டான்? அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம். இந்தியாவோடு திறந்த எல்லை. மலையில் ஓடிப் பழகிய வண்டிகள். கல்வராயனில் ஓட்ட ஆசைப்படுபவருக்குக் காட்டினால், பிடிக்காமல் போகாது.

ஆவணத்தில் வயதை மாற்றிச் சிக்கிய வழக்கு தமிழ்நாட்டிலேயே உண்டு. 1994-ல் இங்கிலாந்தில் இருந்து வந்த புத்தம் புதிய லெக்சஸ் காரை 1993 மாடல் பழைய கார் என்று காட்டி சுமார் 1.06 கோடி ரூபாய் வரி ஏய்த்ததாக, சசிகலாவின் கணவர் ம.நடராஜன் உள்ளிட்ட நால்வர் மீது வழக்கு. 2010-ல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

வரி கட்டாமல் வந்த வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்ய முடியும். 'எனக்குத் தெரியாது, காசு கொடுத்து வாங்கினேன்' என்பதைக் கடைசியாக வாங்கியவர்தான் அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். விற்றவர் போனை எடுப்பாரா என்பது சந்தேகம்.

எனவே ஆர்.சி. புத்தகம் மட்டும் போதாது. மும்பை துறைமுகத்தில் வரி கட்டியதைக் காட்டும் 'பில் ஆஃப் என்ட்ரி' நகலைக் கேட்க வேண்டும். அதில் உள்ள சேஸிஸ் எண், வண்டியில் பொறித்த எண், 'பரிவாஹன்' செயலியில் வரும் எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முதல் பதிவு தொலைதூர மாநிலத்தில், முதல் உரிமையாளர் ராணுவம் அல்லது தூதரகம் என்று இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே எண்களை எழுதிக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. நகல் தர விற்பவர் இழுத்தடித்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.