கப்பல் போனாலும் கதை போகலாமா?

கோயிலைக் காக்கிறோம், கோட்டையைக் காக்கிறோம், கல்வெட்டைப் படியெடுத்துக் காக்கிறோம். கடல் கடந்து வாழ்ந்த இனம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், நம்மைக் கடல் கடத்திய கப்பல்களில் ஒன்றையேனும் காத்தோமா? கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் 'போபால்' என்ற பழங்கப்பலைக் கண்டதிலிருந்து இக்கேள்வி என்னை விடவில்லை.

இருபுறமும் பெரிய சக்கரங்கள் சுழன்று நீரைத் தள்ள, அதனால் முன்னேறும் கப்பல் அது. 1940களின் நடுவில் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்டது. நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்ததைத் துறைமுக நிர்வாகம் உடைக்கக் கொடுக்கவில்லை. தனியாரிடம் குத்தகைக்கு விட்டுப் புதுப்பிக்கச் செய்தது. கப்பலுக்குள் உணவகத்தோடு அருங்காட்சியும் வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் உணவுண்டு படமெடுத்துத் திரும்புவதோடு நின்றுவிட்டால் அது மிதக்கும் விடுதியாகுமே தவிர அருங்காட்சியகம் ஆகாது. அடுப்பறையில் கரி தள்ளியவன் யார்? மேல்தளத்தில் மூட்டையோடு முடங்கியவன் யார்? இதைச் சொல்வதன்றோ அருங்காட்சியகம்!

அதே ஆற்றங்கரையில், ஸ்டிராண்டு சாலையில், மக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பழைய மாளிகை நிற்கிறது. தமிழ் மாணவன் அதைப் பார்க்காமல் வரக் கூடாது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் கப்பல் விட 1856இல் தொடங்கிய கம்பெனிதான் 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஆயிற்று. அதன் நிர்வாகம் இந்த மக்கின்னன் மெக்கன்சியின் கையில் இருந்தது. அந்தக் கம்பெனியை எதிர்த்துத்தான் வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கம்பெனியை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908இல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் விலைபோயின. எதிரியின் மாளிகை நிற்கிறது. நம்மவர் கப்பலின் ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை.

அடிமை நாட்டில் அப்படித்தான் நடக்கும் என்பீர்கள். உரிமை பெற்ற பின் என்ன செய்தோம்? 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வும் அந்தப் பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பலே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய தமிழரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுமந்தது. மேல்தளத்தில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தோட்டத் தொழிலாளியும் வணிகரும் அதில்தான் சென்றனர். பிழைத்தவர் அதில்தான் திரும்பினர். 1973இல் அது இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்தது. 1974இல் உடைத்துவிட்டோம்.

கப்பலைக் காப்பது எளிதன்று. உப்புநீர் இரும்பைத் தின்னும். போர்க்கப்பல் 'விக்ராந்த்' 1961இல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் வங்கக் கடலில் பணியாற்றி, 1997இல் ஓய்வுபெற்றது. 2001 முதல் பம்பாயில் அருங்காட்சியகமாக நின்றது. பாதுகாப்புக் குறைவென்று 2012இல் கதவை மூடினர். 2014இல் பழைய இரும்பாய் விற்றனர். வழியனுப்பும் நாளில் கண்ணீர் விட ஆயிரம் பேர் உண்டு; ஆண்டுதோறும் வண்ணம் பூசப் பணம் கொடுப்பவர் இல்லை. விசாகப்பட்டினக் கடற்கரையில் 'குர்சுரா' நீர்மூழ்கியை 2002 முதல் மக்களுக்குக் காட்டி வருகிறார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

ரஜூலா இனி வாராது. ஆனால் அதில் பயணம் செய்த முதியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய தகரப் பெட்டி பரணில் கிடக்கிறது. பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் அதற்குள் மக்கிக்கொண்டிருக்கின்றன. நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்களிடம் கேளுங்கள். சொல்வதை எழுதி வாருங்கள். நம் சங்கம் அவற்றைத் தொகுக்கட்டும். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு கடற்பயண அருங்காட்சியகம் எழ வேண்டுமென்று அரசைக் கேட்போம். வெறுங்கையோடு கேட்பதைவிடக் கை நிறையச் சான்றுகளோடு கேட்பது மேல். முதியவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள், காலமும் காத்திராது.